சிட்டுக்குருவி எழுப்பிய வினா
பறவையியல் பேரறிஞர் சாலிம் அலியின் வாழ்வு

விருதுநகர் மாவட்டத்தின் கரிசற்காடு வானம் பார்த்த பூமி. சிவகாசியின் பட்டாசும் தீப்பெட்டியும் அச்சுத் தொழிலும் இவ்வட்டாரத்தின் பெயரை உலகெங்கும் கொண்டு சென்றுள்ளன. அத்தொழில்களோடு இம்மண்ணுக்கு இன்னொரு பெயரும் உண்டு. அது வேட்டை நாய்களால் வந்த பெயர். சாத்தூர்ப் பக்கத்துச் சிப்பிப்பாறை என்னும் சிற்றூர், தன் பெயரையே ஒரு நாய் இனத்திற்கு ஈந்திருக்கிறது. மேற்கே மலையடிவாரத்து இராஜபாளையத்தின் வெண்ணிற நாயோ, 2005 ஆம் ஆண்டில் இந்திய அஞ்சல் துறை வெளியிட்ட தபால்தலையில் இடம்பெறும் சிறப்பைப் பெற்றது.

நம் நாய்கள் முயல் வேட்டைக்கே பெரிதும் பெயர் பெற்றவை. ஆயினும் கௌதாரி, காடை முதலிய தரைவாழ் பறவைகளின் வேட்டைக்கும் நாயின் துணை இன்றியமையாதது. கௌதாரி எளிதில் பறப்பதில்லை. ஆளரவம் கேட்டதும் புதருக்குப் புதர் ஓடி ஒளியும். வேறு வழியில்லை என்ற நிலையில்தான் சிறகடித்து எழும். அதனை எழுப்புவதும், சுட்டு விழுந்ததைத் தேடிக் கவ்வி வருவதும் நாயின் வேலைகள். மோப்பத்தால் பறவை இருக்குமிடம் அறிந்து, அசையாது நின்று காட்டும் நாய்களை ஆங்கிலேயர் இதற்கெனவே வளர்த்தனர்.

அறுவடை முடிந்து கம்பங்கொல்லையும் சோளக்காடும் வெறுமையாகும் நாள்களில் இவ்வேட்டை அதன் இறுதிக் கட்டத்தை அடையும். ஒளிவதற்குப் பயிர் இராது. பலமுறை துரத்தப்பட்டுத் தப்பிய பறவைகள் மட்டுமே எஞ்சியிருக்கும். அவை தொலைவிலேயே எழுந்து பறந்துவிடும். ஆகவே அவற்றை வீழ்த்துவதே உண்மையான திறமை என வேட்டைக்காரர் பெருமை கொள்வதுண்டு. ஆனால், அவ்வாறு எஞ்சிய பறவைகளே அடுத்த தலைமுறையை ஈன்று வளர்க்க வேண்டியவை. உழவன் பஞ்ச காலத்திலும் குற்றி உண்ணாமல் காக்கும் விதைநெல்லுக்கு அவை நிகரானவை.

சுடுவதற்கு ஒரு காலமும் விட்டுவைப்பதற்கு ஒரு காலமும் உண்டு என்னும் இவ்வுணர்வு, துப்பாக்கியைத் தொடாதவர்களிடமிருந்து மட்டும் பிறந்ததன்று. துப்பாக்கியோடு வளர்ந்து, தான் வீழ்த்திய பறவையை நோக்கி வினா எழுப்பிய ஒருவர், இந்தியப் பறவையியலின் தந்தை எனப் போற்றப்படுமளவு உயர்ந்தார். அவரே சாலிம் அலி. அவருடைய வாழ்வை வேட்டை என்னும் வாயில் வழியே நுழைந்து காண்பது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

துப்பாக்கியும் ஒரு குருவியும்

சாலிம் மொய்சுத்தீன் அப்துல் அலி 1896 ஆம் ஆண்டு நவம்பர் 12 ஆம் நாள் பம்பாயில், சுலைமானி போரா முஸ்லிம் குடும்பமொன்றின் கடைசிக் குழந்தையாகப் பிறந்தார். ஒரு வயதில் தந்தையையும் மூன்று வயதில் தாயையும் இழந்த அக்குழந்தையைத் தாய்மாமன் அமீருத்தீன் தையப்ஜியும், மக்கட்பேறு வாய்க்காத மாமி ஹமீதா பேகமும் தம் பிள்ளையாகவே வளர்த்தனர். 1887 ஆம் ஆண்டில் சென்னையில் கூடிய காங்கிரஸ் மாநாட்டுக்குத் தலைமை தாங்கிய பத்ருத்தீன் தையப்ஜியின் குடும்பம் அது.

மாமன் அமீருத்தீன் வேட்டையில் பெருவிருப்பம் உடையவர். பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தில் தொடக்கக் காலத்திலேயே உறுப்பினரான இந்தியர் சிலருள் அவரும் ஒருவர். வேட்டை நூல்களைப் படித்தும், உறவுச் சிறுவர்களோடு குறி பார்த்துச் சுடும் போட்டிகளில் கலந்தும் சாலிம் வளர்ந்தார். அவ்விளந் தோழர்களுள் குறி தவறாதவராக விளங்கிய இஸ்கந்தர் மிர்சா, பிற்காலத்தில் பாகிஸ்தானின் முதல் குடியரசுத் தலைவரானார். பெரிய வேட்டைக்காரனாக வேண்டும் என்பதே அந்நாளில் சாலிமின் கனவாக இருந்தது.

அவருக்குக் கிடைத்த முதல் கருவி காற்றுத் துப்பாக்கி. முதல் இலக்குகள் வீட்டைச் சுற்றித் திரிந்த சிட்டுக்குருவிகள். குதிரை லாயத்துச் சுவரில் கூடு கட்டியிருந்த ஒரு குருவி இணையை அவர் கவனித்தார். கூட்டின் வாயிலில் காவலிருந்த ஆண் குருவியைச் சுட்டு வீழ்த்தினார். சிறிது நேரத்தில் பெண் குருவி வேறோர் ஆணைத் துணையாகச் சேர்த்துக் கொண்டது. அதையும் வீழ்த்தினார், இன்னொன்று வந்தது. ஏழு நாள்களில் எட்டு ஆண் குருவிகள் ஒரே இடத்தில் வீழ்ந்தன. இதனைச் சிறுவன் தன் குறிப்பேட்டில் எழுதி வைத்தான். வேட்டைக்காரனின் பெருமிதத்தோடு எழுதப்பட்டதாயினும், ஒரு பறவை துணையை இழந்ததும் எத்துணை விரைவில் மறுதுணை தேடுகிறது என்பதற்கு அக்குறிப்பு சான்றாயிற்று. பல்லாண்டுகளுக்குப் பின் அறிவியல் உலகமும் அதனை மதித்தது. நாம் இங்கே கருத வேண்டியது ஒன்றுண்டு. கொன்ற சிறுவர் பலர்; கொன்றதை எழுதி வைத்த சிறுவர் சிலரே.

அடுத்து வந்த நிகழ்ச்சி அவருடைய வாழ்வின் திசையையே மாற்றிற்று. ஒரு நாள் வீழ்த்திய குருவியின் தொண்டையில் மஞ்சள் நிறத் திட்டு ஒன்றைக் கண்டார். உருவில் ஊர்க்குருவியை ஒத்திருந்தும் அது வேறாகத் தோன்றிற்று. இத்தகைய பறவையை உண்பது முஸ்லிம் ஒருவருக்கு ஆகுமா என்னும் ஐயம் எழுந்தது. மாமனிடம் கேட்டார். விடையறியாத மாமன் ஏதேனும் ஒன்றைச் சொல்லி அனுப்பிவிடவில்லை. அறிந்தவரிடம் கேட்குமாறு, இயற்கை வரலாற்றுக் கழகத்தின் செயலாளர் டபிள்யூ. எஸ். மில்லர்டுக்கு அறிமுகக் கடிதம் கொடுத்தார்.

வெள்ளையர் ஆட்சி உச்சத்திலிருந்த 1908 ஆம் ஆண்டையொட்டிய காலம் அது. தாள் பொட்டலத்தில் செத்த குருவியோடு தயங்கித் தயங்கி வந்த சிறுவனை மில்லர்டு அன்போடு வரவேற்றார். அது மஞ்சள் தொண்டைச் சிட்டு எனக் கண்டு கூறினார். பாடம் செய்து அடுக்கப்பட்டிருந்த பறவைகளை இழுப்பறைகளைத் திறந்து காட்டினார். படிக்க நூல்கள் தந்தார். பறவையின் தோலை உரித்துப் பதப்படுத்தும் முறையைக் கற்பிக்கவும் ஏற்பாடு செய்தார். உண்ணத் தகுமா என்று தொடங்கிய வினா, இது எது, எங்கே வாழ்கிறது, எவ்வாறு வாழ்கிறது என்ற வினாக்களாக விரிந்தது. பிற்காலத்தில் தம் தன்வரலாற்று நூலுக்கு ஒரு குருவியின் வீழ்ச்சி என்று பொருள்படும் பெயரை அவர் சூட்டியதன் காரணம் இதுவே.

தோல்விகளின் பள்ளி

மேதைகளின் இளமை வெற்றிகளால் நிறைந்தது என எண்ணுவோர் சாலிம் அலியின் இளமையை அறிதல் நன்று. ஓயாத தலைவலியால் அவர் அடிக்கடி பள்ளிக்குச் செல்லவில்லை. வறண்ட காற்று நலம் தருமென்று சிந்து மாகாணத்திலிருந்த உறவினர் வீட்டிற்கு அனுப்பப்பட்டார். 1913 ஆம் ஆண்டில் மெட்ரிகுலேஷன் தேர்வில் தட்டுத் தடுமாறியே தேறினார். தூய சவேரியார் கல்லூரியில் ஓராண்டு பயின்று, அதனையும் விட்டு, குடும்பத்தாரின் சுரங்கத் தொழிலையும் மரத் தொழிலையும் கவனிக்கப் பர்மாவிலுள்ள தவாய் சென்றார். தொழில் செழிக்கவில்லை, ஆனால் பர்மியக் காடுகள் அவருக்கு ஆசானாயின.

1917 ஆம் ஆண்டில் பம்பாய் திரும்பியவர் காலையில் வணிகக் கல்வியும் பின்னர் விலங்கியலுமாகப் பயின்றார். அவருடைய உண்மையான நாட்டத்தை உணர்ந்து விலங்கியலின்பால் திருப்பியவர் பாதிரியார் எத்தல்பெர்ட் பிளாட்டர். மாணவனின் மதிப்பெண்ணைப் பாராது அவனது நாட்டத்தைப் பார்க்கும் ஆசிரியர் ஒருவர் அமைவது எத்துணைப் பெரும்பேறு என்பதைக் கல்லூரி வளாகத்தில் வாழும் நாம் நன்கு அறிவோம். 1918 டிசம்பரில் தஹ்மினாவை மணந்தார்.

முறையான பல்கலைக்கழகப் பட்டம் இன்மையால் அரசின் விலங்கியல் ஆய்வுத் துறையில் அவருக்கு இடம் கிட்டவில்லை. 1926 ஆம் ஆண்டில் பம்பாய் வேல்ஸ் இளவரசர் அருங்காட்சியகத்தில், மாதம் 350 ரூபாய் ஊதியத்தில் வழிகாட்டி விரிவுரையாளரானார். 1928 ஆம் ஆண்டில் விடுப்பெடுத்துச் செர்மனி சென்று, பெர்லினில் எர்வின் ஸ்ட்ரெஸெமான் என்னும் பேராசிரியரிடம் பறவையியலை முறையாகக் கற்றார். தாயகம் திரும்பியபோது, நிதியில்லை என்று அவருடைய பதவியே நீக்கப்பட்டிருந்தது. செர்மனி சென்று கற்று வந்தவர் வேலையற்றவரானார்.

துப்பாக்கியின்றிக் கண்ட உண்மை

வாழ்வின் இத்தாழ்விலும் அவருக்கு ஒரு பேறு வாய்த்தது. பம்பாய்க்கு அருகே கடலோரக் கிராமமான கிஹிமில் தஹ்மினாவின் குடும்பத்தாருக்கு ஒரு வீடு இருந்தது. செலவைச் சுருக்கி வாழ அங்கே குடியேறினார்கள். வீட்டருகே தூக்கணாங்குருவிகளின் குடியிருப்பு ஒன்று அமைந்திருந்தது. நாள்தோறும் மணிக்கணக்கில் அதன் எதிரே அமர்ந்து அவர் நோக்கினார்.

ஆண் குருவி கூட்டைப் பாதியளவு கட்டி நிறுத்துகிறது. பெண் குருவி வந்து, உள்ளே புகுந்து சோதித்து, பிடித்தால் மட்டுமே ஏற்கிறது. ஏற்ற பின்னரே கூடு முழுமை பெறுகிறது. பெண் முட்டையிட்டு அடைகாக்கத் தொடங்கியதும், ஆண் அடுத்த கூட்டைத் தொடங்கி அடுத்த துணையை நாடுகிறது. நம் ஊர்க் கிணற்றோர மரங்களிலும் தூக்கணாங்கூடுகளைத் தலைமுறை தலைமுறையாகக் கண்டோம். ஆயினும் கூட்டினுள் நிகழும் இவ்வொழுங்கை முறையாக நோக்கி எழுதியவர் சாலிம் அலியே. லாயத்துச் சுவரில் எட்டு ஆண் குருவிகளைக் கொன்று அறிந்ததற்கு இணையான உண்மையை, இங்கே ஓர் உயிரையும் கொல்லாமல் அறிந்தார்.

அதனால் அவர் துப்பாக்கியைத் துறந்துவிட்டார் எனக் கருதுதல் பிழையாகும். சமஸ்தானங்கள் செலவை ஏற்றால் ஊதியமின்றியே அவற்றின் பறவைகளை ஆராய்ந்து தருவதாக அவர் முன்வந்தார். ஐதராபாத், கொச்சி, திருவிதாங்கூர், இந்தூர், போபால் எனப் பல பகுதிகளில் அவ்வாய்வு நடந்தது. ஆய்வுக்காகப் பறவைகள் சுடப்பட்டன. தோல் உரித்துப் பதப்படுத்தப்பட்டன. ஒவ்வொன்றின் காலிலும் பெயர், நாள், இடம், ஆணா பெண்ணா என்னும் விவரங்கள் எழுதிய சீட்டு கட்டப்பட்டது. காரணமின்றிக் கொல்வதை அவர் வெறுத்தார். ஆனால் காரணத்தோடு மேற்கொண்டதை மறைக்கவில்லை. பறவைகளின்பால் அவர் கொண்ட அன்பு கண்ணீரால் ஆனதன்று, அறிவால் ஆனது.

1933 ஆம் ஆண்டின் திருவிதாங்கூர் ஆய்வு நமக்கு அண்மையது. இன்று தமிழ்நாட்டில் உள்ள கன்னியாகுமரி மாவட்டமும் செங்கோட்டையும் அன்று அச்சமஸ்தானத்தில் இருந்தவை. திருவில்லிபுத்தூரிலிருந்து நாம் காணும் மேற்குமலையின் மறுபுறச் சரிவு அவர் ஆராய்ந்த நாட்டைச் சேர்ந்தது. அந்தக் காட்டு முகாம்களில் எல்லாம் அவரோடு இன்னல்களைப் பகிர்ந்த தஹ்மினா, 1939 ஆம் ஆண்டில் சிறிய அறுவை மருத்துவம் ஒன்றை அடுத்துக் காலமானார். அப்பிரிவுக்குப் பின் தமக்கை கமூவும் அவர் கணவர் ஹசன் அலியும் அவருக்குப் புகலளித்தனர். இந்தியப் பறவைகள் பற்றிய அவருடைய புகழ்பெற்ற நூல் 1941 ஆம் ஆண்டில் வெளிவந்தது. அமெரிக்க அறிஞர் தில்லன் ரிப்ளேயுடன் இணைந்து எழுதிய பத்துத் தொகுதிக் கையேடு 1968 முதல் 1974 வரையிலான ஆண்டுகளில் வெளியாயிற்று.

எண்ணிக்கையும் எச்சரிக்கையும்

1938 ஆம் ஆண்டு நவம்பர் 12 ஆம் நாள், சாலிம் அலியின் நாற்பத்திரண்டாம் பிறந்தநாள். அதே நாளில், இராஜஸ்தானத்துப் பரத்பூர் ஏரியில் வைசிராய் லின்லித்கோவின் வேட்டைக் குழுவினர் 4,273 பறவைகளைச் சுட்டு வீழ்த்தினர். அவ்வெண்ணிக்கை அங்கே கல்லில் பொறிக்கப்பட்டுள்ளது. சுட்டவர்களுக்கு அஃது ஒரு வெற்றிக் கணக்கு. விடுதலைக்குப் பின், அவ்வேரியை வற்றச் செய்து விளைநிலமாக்க வேண்டுமென்ற கோரிக்கை எழுந்தபோது, பிரதமர் நேருவின் துணையோடு அதனைக் காத்தவர்களுள் சாலிம் அலி முதன்மையானவர். 1985 ஆம் ஆண்டில் அது உலகப் பாரம்பரியச் சின்னமாயிற்று. தமிழகத்தின் கோடியக்கரையும் 1967 ஆம் ஆண்டில் சரணாலயமாயிற்று. வலசை வரும் பறவைகளின் கால்களில் வளையமிட்டு அவற்றின் வழியை அறியும் பணியை அவருடைய கழகம் அங்கு ஆண்டுகள் பல நடத்தியது. ஒரு காலத்தில் குண்டு பாய்ந்த உடலில் வளையம் ஏறிற்று எனலாம்.

தரைவாழ் பறவைகளின் அழிவு அவருடைய ஆழ்ந்த கவலையாக இருந்தது. இமயமலைச் சரிவுப் புல்வெளிகளில் வாழ்ந்த மலைக்காடையை 1876 ஆம் ஆண்டில் நைனிதால் அருகே ஒருவர் சுட்டார். அதன் பின் ஐயமற்ற சான்றோடு எவரும் அதனைக் கண்டதில்லை. சாலிம் அலியும் தேடிச் சென்று வெறுங்கையோடு திரும்பினார். அருங்காட்சியகங்களில் உள்ள ஏறத்தாழ ஒரு டஜன் தோல்களே அப்பறவை இவ்வுலகில் இருந்ததற்குச் சான்று. வரகுக்கோழியின் கதையும் வருந்தத்தக்கதே. மழைக்காலத்தில் ஆண் பறவை பெண்ணைக் கவர்வதற்காகப் புல்லுக்கு மேலே மீண்டும் மீண்டும் துள்ளும். அத்துள்ளலே அதன் இருப்பிடத்தை வேட்டைக்காரனுக்குக் காட்டிக் கொடுத்தது. விட்டுவைக்க வேண்டிய காலத்திலேயே அது சுடப்பட்டது. ஒரு காலத்தில் தமிழகத்து வறண்ட வெளிகளிலும் உலவிய கானமயிலை நாட்டின் தேசியப் பறவையாக்க வேண்டுமென்று அவர் விரும்பினார். 1963 ஆம் ஆண்டில் அச்சிறப்பு மயிலுக்குச் சென்றது. இன்று கானமயில்கள் காட்டில் இருநூறுகூட இல்லை.

ஆயினும் இறுதி நாள்களில் அவருக்கு ஒரு மகிழ்ச்சியும் கிட்டியது. 1900 ஆம் ஆண்டுக்குப் பின் எவர் கண்ணிலும் படாமல், அற்றுப்போனதாகக் கருதப்பட்ட ஜெர்டான் கல்குருவி, 1986 ஆம் ஆண்டில் ஆந்திரத்துக் கடப்பை மாவட்டப் புதர்க்காட்டில், அவருடைய கழகத்து இளம் ஆய்வாளரின் முயற்சியால் மீண்டும் கண்டறியப்பட்டது. அதனை உயிரோடு பிடித்துத் தந்தவர் இரவு வேட்டையில் தேர்ந்த உள்ளூர்வாசி ஒருவர். வேட்டைக்காரனின் அறிவு அறிவியலுக்குத் துணை நிற்கும் என்பதற்கு இதனினும் நல்ல சான்று வேண்டுமோ!

பத்ம பூஷண் (1958), பத்ம விபூஷண் (1976), மாநிலங்களவை நியமன உறுப்பினர் பதவி (1985) ஆகிய சிறப்புகள் அவரைத் தேடி வந்தன. பன்னாட்டுப் பரிசாகக் கிட்டிய பெருந்தொகையையும் இயற்கைப் பாதுகாப்புக்கே அளித்தார். 1987 ஆம் ஆண்டில் தம் தொண்ணூறாம் வயதில் மறைந்தார். 1990 ஆம் ஆண்டில் கோவையில் அவர் பெயரால் பறவையியல் மையம் நிறுவப்பெற்றது.

நம் மலை சொல்லும் செய்தி

அவருடைய பெயர் நம் மாவட்டத்தை அடுத்துள்ள மலையிலும் நிலைபெற்றுள்ளது. 1948 ஆம் ஆண்டில் மேகமலையில் ஆங்கஸ் ஹட்டன் என்பார் பழந்தின்னி வௌவால் ஒன்றைப் பிடித்தார். பம்பாய்க் கழகத்தின் சேகரிப்பில் அது வேறோர் இனமாகத் தவறாகக் கருதப்பட்டு இருபதாண்டுகளுக்கு மேல் கிடந்தது. 1972 ஆம் ஆண்டில் கித்தி தோங்லாங்யா என்னும் தாய்லாந்து அறிஞர், அஃது உலகம் அதுவரை அறியாத உயிர் எனக் கண்டு, அதற்குச் சாலிம் அலியின் பெயரைச் சூட்டினார். 2021 ஆம் ஆண்டில் அமைந்த திருவில்லிபுத்தூர் - மேகமலைப் புலிகள் காப்பகத்தால் அம்மலையும் நம் மாவட்டமும் ஒன்றாகப் பிணைக்கப்பட்டுள்ளன. காலில் சீட்டுக் கட்டிய ஓர் உடல் இழுப்பறையில் காத்துக் கிடந்தமையால்தான் அவ்வுயிரின் உண்மை வெளிப்பட்டது.

1972 ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும், வேட்டை உரிமங்களை நீக்கிய 1991 ஆம் ஆண்டுத் திருத்தமும் கௌதாரி வேட்டைக்கு முற்றுப்புள்ளி வைத்துவிட்டன. சிப்பிப்பாறை நாய் இன்று காவலுக்கும் கண்காட்சிக்கும் உரியதாயிற்று. சட்டம் துப்பாக்கியைத் தடுக்கும். ஆனால் புதர் அழிவதை அதனால் மட்டும் தடுத்துவிட இயலாது. தரையில் கூடு கட்டும் பறவைக்கு வரப்போரப் புல்லும் முள்ளும் தரிசும் வேண்டும். அவை மனைகளாக மாறினால், சுடுவார் இல்லாமலேயே கௌதாரியின் குரல் அடங்கிவிடும்.

சிவகங்கை மாவட்டத்து வேட்டங்குடிச் சரணாலயத்தை ஒட்டிய கொள்ளுக்குடிப்பட்டி மக்கள், கூடமைக்கும் பறவைகள் அஞ்சுமென்று தீபாவளியிலும் பட்டாசு வெடிப்பதில்லை. பட்டாசையே வாழ்வாகக் கொண்ட சிவகாசி வட்டாரத்தார் அச்செயலைக் குறைவாக எண்ண வேண்டியதில்லை. எங்கே ஒலிக்க வேண்டும், எங்கே அடங்க வேண்டும் என்று அறிந்த பண்பு அது. சுடுங்காலமும் விடுங்காலமும் அறிந்த நல்ல வேட்டைக்காரனின் பண்பும் அதுவே.

சாலிம் அலி செய்ததைச் செய்ய நமக்குத் துப்பாக்கி வேண்டா, பெருநிதியும் வேண்டா. நம் ஊர்க் கண்மாய்க்கரையிலும் கரிசல் தரிசிலும் விடியற்காலையில் எத்தனை கௌதாரிகள் கூவின, எந்த மாதத்தில் குஞ்சுகளோடு திரிந்தன, எந்தப் புதர் அழிந்தபின் வரவில்லை என்பவற்றை நாளும் இடமும் இட்டு எழுதிவைக்க ஒரு குறிப்பேடு போதும். வேட்டைக்குச் சென்ற முதியோர் இன்னும் நம் சிற்றூர்களில் வாழ்கின்றனர். எங்கெங்கே எவ்வளவு பறவை இருந்தது என்பது அவர்கள் நினைவில் உள்ளது. அவர்களுக்குப் பின் அதனைச் சொல்வார் இரார். அந்நினைவுகளைக் கேட்டு எழுதும் பணியைத் தமிழ் கற்கும் மாணவர்களே மேற்கொள்ளலாம்.